ஏற்றுமதிப் பெட்டியில் ஏறிப்போகும் நிலத்தடி நீர்

வாசகர் கேள்விகளுக்கு நிலத்தடி நீர், பாசனத் துறை வல்லுநர்களின் பதில்கள்

கேள்வி: ஏற்றுமதிப் பயிர்தான் நிலத்தடி நீரைக் காலி செய்கிறது என்கிறார்கள். உள்நாட்டுச் சந்தைக்கு விளைவதும் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறது? ஏற்றுமதியை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

பதில்: மொத்தக் கணக்கைப் பார்த்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மழை ஈடுசெய்ய முடியாத அளவுக்குப் பாசனத்துக்காக உறிஞ்சப்படும் நிலத்தடி நீரில், சுமார் 11 சதவீதம்தான் பன்னாட்டு உணவு வணிகத்தின் வழியாக வெளியே போகிறது என்று 2017இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. மீதி அந்தந்த நாட்டுக்குள்ளேயே உண்ணப்படுகிறது. ஆனால் அந்த 11 சதவீதம் உலகெங்கும் சீராகப் பரவி இருக்கவில்லை. அதில் மூன்றில் இரண்டு பங்கு பாகிஸ்தான், அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து போகிறது. ஒரு நாட்டுக்குள்ளும் அது சில பள்ளத்தாக்குகளில், சில வட்டாரங்களில் குவிந்து கிடக்கிறது. பெருவின் இக்கா பள்ளத்தாக்கு மழையே அரிதான பாலைவனம். அங்கே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அஸ்பாரகஸ் விளைகிறது. அந்தப் பள்ளத்தாக்குக் கிணற்றுக்காரருக்கு உலக சராசரி எந்த ஆறுதலும் தராது.

ஏற்றுமதிப் பயிர் நீரை வேறு விதமாக இழுக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு விலை கிடைப்பதால், 60 மீட்டரில் நின்றுவிட வேண்டிய கிணறு 250 மீட்டர் வரை போவது கட்டுப்படியாகிறது. பக்கத்தில் உள்ளூர்ப் பயிர் செய்பவரால் அந்தப் போட்டியில் நிற்க முடியாது. குறித்த வாரத்தில் குறித்த எடை, குறித்த பருமன் என்று ஒப்பந்தம் இருப்பதால், வறட்சி ஆண்டில் பாசனத்தைக் குறைக்கவும் வழியில்லை. இவற்றைவிட முக்கியமானது, ஏற்றுமதிப் பயிர்களில் பல மரப்பயிர்கள் என்பது. கோதுமை போட்டவர் தண்ணீர் இல்லாத ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடலாம். பாதாமும் அவகேடோவும் நட்டவர் விட முடியாது; விட்டால் பல ஆண்டு முதலீடு காய்ந்துபோகும். ஆக, ஆற்று நீர் குறையும் ஆண்டில்தான் கிணற்றின் மீது சுமை உச்சத்துக்கு ஏறுகிறது.

மழையை மட்டும் நம்பி விளையும் தேயிலையோ காப்பியோ கப்பலேறினால் நிலத்தடி நீருக்கு அநேகமாக எந்தப் பாதிப்பும் இல்லை. ஏற்றுமதி என்பதாலேயே ஒரு பயிர் குற்றவாளி ஆகிவிடாது. எந்த இடத்தில், எந்த நீரில், யார் வகுத்த வரம்புக்குள் விளைகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: "ஒரு கிலோவுக்கு 2,000 லிட்டர் மறைநீர்" என்பது போன்ற எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பொருளை விளைவிக்கச் செலவான நீரே மறைநீர். இந்தக் கருத்தை முன்வைத்தவர் ஆய்வாளர் டோனி ஆலன். அதைப் பயிர்வாரியாக அளக்கும் 'நீர்த்தடம்' முறையை 2002இல் தொடங்கியவர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா. அந்தக் கணக்கில் மூன்று பகுதிகள் உண்டு. மண்ணில் தங்கிய மழையைப் பயிர் குடிப்பது பச்சை நீர். ஆறு, ஏரி, கிணற்றிலிருந்து எடுப்பது நீல நீர். உரமும் மருந்தும் கலந்த கழிவை நீர்க்கத் தேவைப்படுவது சாம்பல் நீர். ஒரு கிலோ கோதுமைக்கு உலக சராசரி சுமார் 1,830 லிட்டர். அதில் பெரும்பகுதி பச்சை நீர். அதே கோதுமையைப் பாலைவனத்தில் விளைவித்தால் ஏறக்குறைய எல்லாமே கிணற்று நீர். ஒரே எண், இரண்டு வேறு விளைவுகள். யாராவது இப்படி ஓர் எண்ணைச் சொன்னால், அதில் நீல நீர் எவ்வளவு, அந்த நீல நீரில் கிணற்று நீர் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மெதுவாக இறங்கிய நீர்மட்டம் இப்போது ஒரே கோடையில் சரிந்துவிட்டது. பயிர்ப் பரப்பு அவ்வளவாகக் கூடவில்லை. பிறகு ஏன்?

பதில்: காரணம் பெரும்பாலும் பாறைக்குள் இருக்கிறது. நிலத்தடியில் குளம் போல நீர் நிற்பதில்லை. மண், பாறை ஆகியவற்றின் இடைவெளிகளில் நிற்கிறது. இறைத்தால் வெளியே வரக்கூடிய நீரின் பங்கை 'நீர் ஈவு' என்பார்கள். மணலும் வண்டலும் கலந்த படுகையில், அதாவது நீரைத் தாங்கி நிற்கும் நிலத்தடி அடுக்கில், இது 10 முதல் 20 சதவீதம் இருக்கலாம். சிதைந்த கடினப் பாறையில் 1 முதல் 3 சதவீதம். அதற்கும் கீழே, விரிசல்களில் மட்டும் நீர் உள்ள பாறையில் அரை சதவீதமோ அதற்கும் குறைவோ.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் ஆண்டு ஊறல், அதாவது மழையால் நிலத்தடிக்குச் சேரும் நீர், 120 மில்லிமீட்டர், பயிர் எடுத்துக்கொள்வது 180 மில்லிமீட்டர் என்றால் பற்றாக்குறை 60 மில்லிமீட்டர். 15 சதவீத ஈவுள்ள வண்டலில் மட்டம் 40 சென்டிமீட்டர் இறங்கும். 2 சதவீத ஈவுள்ள சிதைந்த பாறையில் 3 மீட்டர். அரை சதவீத ஈவுள்ள விரிசல் பாறையில் 12 மீட்டர். பற்றாக்குறை ஒன்றுதான், இறக்கம் முப்பது மடங்கு. மேல் அடுக்கு வற்றும்வரை மெதுவாக இறங்கிய மட்டம், விரிசல் பாறையைத் தொட்டதும் ஒரே பருவத்தில் சரிவது இதனால்தான். "இத்தனை ஆண்டு தாங்கியது, இனியும் தாங்கும்" என்ற நம்பிக்கையில் புதிய தோட்டம் நடுபவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள்.

மின்சாரமும் கூடவே ஏறும். ஒரு கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்த 2.725 வாட் மணி வேண்டும். மோட்டாரும் பம்பும் சேர்ந்த திறன் 45 சதவீதம் என்று கொண்டால் சுமார் 6 வாட் மணி. 30 மீட்டரிலிருந்து எடுக்கும்போது ஒரு கன மீட்டருக்கு 0.18 யூனிட், 120 மீட்டரிலிருந்து 0.73 யூனிட். மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும் இடங்களில் இந்த எச்சரிக்கை உழவர் காதுக்கு எட்டுவதே இல்லை.

கேள்வி: எங்கள் பகுதியில் எல்லோரும் சொட்டுநீருக்கு மாறிவிட்டோம். மானியமும் கிடைத்தது. ஆனாலும் மட்டம் இறங்குகிறதே?

பதில்: இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் பல நேரம் சொல்லப்படுவதில்லை. வயலில் பாய்ச்சிய நீர் எங்கெங்கே போகிறது என்று பார்த்தால் விளங்கும்.

பத்து ஏக்கர், வறண்ட பருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் பாசனத்தில் 850 மில்லிமீட்டர் இறைக்கிறீர்கள். பயிர் 500 எடுத்துக்கொள்கிறது, 100 வீணாக ஆவியாகிறது, 250 மண்ணுக்குள் இறங்கித் திரும்ப நிலத்தடிக்கே போகிறது. உண்மையான இழப்பு 600. சொட்டுநீரில் 570 இறைக்கிறீர்கள். பயிர் அதே 500, ஆவி 40, ஊறுவது 30. உண்மையான இழப்பு 540. இறைப்பு 280 மில்லிமீட்டர் குறைந்தது. மிச்சமோ 60 மட்டும்தான்.

இப்போது, கையில் நீர் மிஞ்சியிருப்பது போலத் தெரிவதால் பரப்பு 15 ஏக்கர் ஆகிறது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 4 கன மீட்டர். முன்பு இறைத்தது 34,000 கன மீட்டர், இப்போது 34,200. மீட்டரில் வித்தியாசமே தெரியாது. ஆனால் நிலத்தடியிலிருந்து திரும்பாமல் போனது 24,000இலிருந்து 32,400 கன மீட்டராகக் கூடிவிட்டது.

பாசனத் திறன் கூடினாலும் படுகையில் நீர் மிஞ்சுவதில்லை என்ற இந்த முரணை 2018இல் 'சயின்ஸ்' இதழில் குவென்டின் கிராஃப்டனும் உடன் ஆய்வாளர்களும் விளக்கினார்கள். மானியத்தோடு பரப்பு வரம்பும் மொத்த இறைப்பு வரம்பும் சேர்ந்து வராவிட்டால், சொட்டுநீர் விளைச்சலைக் கூட்டும், கூலியைக் குறைக்கும், உரத்தை மிச்சப்படுத்தும், படுகையைக் காப்பாற்றாது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஊறும் நீர் உப்புப் படுகைக்கோ கடலுக்கோ போய்விடும் இடங்களில் சொட்டுநீர் மிச்சம் உண்மையான மிச்சமே.

கேள்வி: என் கிணற்றுக் கணக்கை நானே எப்படி வைத்துக்கொள்வது? செலவு அதிகம் ஆகாத முறை சொல்லுங்கள்.

பதில்: மூன்று அளவுகள் போதும்: மட்டம், நீர்வரத்து, ஓடிய மணி.

மட்டத்தை அளக்க, மோட்டார் குறைந்தது 12 மணி நேரம் நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் இறைப்பால் குழிந்த மட்டத்தைத்தான் அளப்பீர்கள். பக்கத்துக் கிணறும் ஓடாத அதிகாலையே நல்லது. ஆழ்துளைக் கிணற்றில் நாடாவை வெறுமனே இறக்கினால் கேபிளிலும் குழாயிலும் சிக்கிக்கொள்ளும். அடுத்த முறை மோட்டாரை வெளியே எடுக்கும்போது, ஏற்றுக் குழாயோடு சேர்த்து ஒரு அங்குல பி.வி.சி. குழாயைப் பம்புக்குச் சற்று மேல்வரை கட்டி இறக்கிவிடுங்கள். அடிப்பகுதியில் சில துளைகள் போதும். அதற்குள் நீரைத் தொட்டதும் ஒலிக்கும் மின் நாடாவையோ, கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்குக்கட்டி பூசிய எஃகு நாடாவையோ இறக்கலாம். சாக்குக்கட்டி நனைந்த இடம் மட்டத்தைக் காட்டும். கேசிங் குழாயின் விளிம்பில் பெயின்டால் ஒரு குறி போட்டு எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். குறி மாறினால் பத்தாண்டுப் பதிவும் வீண். மாதம் ஒருமுறை முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மழைக்கு முன்பும் மழை ஓய்ந்த பிறகும் கட்டாயம்.

நீர்வரத்துக்கு, மோட்டார் அரை மணி ஓடிய பிறகு 200 லிட்டர் டிரம்மை நிரப்பி நேரம் பாருங்கள். மூன்று முறை எடுத்து சராசரி போடுங்கள். 40 விநாடி ஆனால் விநாடிக்கு 5 லிட்டர், அதாவது மணிக்கு 18 கன மீட்டர். மட்டம் இறங்கினால் நீர்வரத்தும் குறையும் என்பதால் ஒவ்வொரு பருவத்திலும் மறுபடி எடுக்க வேண்டும். நீர் மீட்டர் பொருத்துவதானால், மீட்டருக்கு முன் குழாய் விட்டத்தின் பத்து மடங்கு நீளமும் பின்னால் ஐந்து மடங்கும் நேராக இருக்கட்டும். வளைவை ஒட்டி மாட்டியது தப்பாகவே காட்டும். மணல் வரும் கிணற்றில், உள்ளே விசிறி சுழலும் வகை மீட்டர் அடிக்கடி அடைத்துக்கொள்ளும்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் மணி காட்டும் கருவி ஒன்று மாட்டிவிட்டால் மூன்றாவதும் முடிந்தது.

பருவத்தில் 900 மணி ஓடினால் 900 × 18 = 16,200 கன மீட்டர். நான்கு ஏக்கருக்குப் பாய்ச்சியிருந்தால் அது சரியாக 1,000 மில்லிமீட்டர். இனி ஊறலைப் பாருங்கள். 800 மில்லிமீட்டர் மழை, அதில் 10 சதவீதம் ஊறும் சிதைந்த பாறை நிலம் என்றால் கிடைப்பது 80 மில்லிமீட்டர். உங்கள் நான்கு ஏக்கருக்கு ஈடு கட்ட ஐம்பது ஏக்கரில் பெய்த மழையின் ஊறல் வேண்டும். பாய்ச்சியதில் கொஞ்சம் திரும்பும் என்று கழித்தாலும் நாற்பதுக்குக் குறையாது. சுற்றியுள்ள நாற்பது ஏக்கரிலும் இதே போல ஆழ்துளைக் கிணறுகள் இருந்தால் விடை உங்களுக்கே தெரியும்.

கேள்வி: கடலோரத் தோட்டம். நீர் இன்னும் உப்பாகவில்லை. ஆழப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மேலே ஒரு மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் உப்பு எல்லை 40 மீட்டர் மேலே ஏறிவரும். ஆழப்படுத்துவது நீங்களே உப்பை நோக்கிப் போவதாகும். ஒரே பெரிய மோட்டாரை நெடுநேரம் ஓட்டுவதைவிட, ஆழம் குறைந்த சில கிணறுகளில் சிறு மோட்டார்களை இடைவெளி விட்டு ஓட்டுவது நல்லது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீரின் மின்கடத்துத்திறன் பாருங்கள். உப்பு எவ்வளவு என்பதை அது காட்டும்; அதன் அலகு மீட்டருக்கு இத்தனை டெசிசீமன். கையடக்கக் கருவி போதும். மண் உப்பு 1.0 டெசிசீமன் தாண்டினாலே ஸ்ட்ராபெரி விளைச்சல் குறையத் தொடங்கும், தக்காளி 2.5 வரை தாங்கும். நீரில் உப்பு ஏறினால் வேர்ப்பகுதியைக் கழுவக் கூடுதல் நீர் வேண்டும். தக்காளிக்கு 1.0 டெசிசீமன் நீரில் கூடுதல் தேவை 9 சதவீதம், 2.0 ஆனால் 19 சதவீதம். உப்பு ஏற ஏற இறைப்பு கூடும், இறைப்பு கூடக் கூட உப்பு ஏறும். இந்தச் சுழலில் மாட்டிய தோட்டம் தானாக மீள்வது அரிது.

கேள்வி: இரண்டு ஆண்டு நல்ல மழை பெய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா?

பதில்: சில படுகைகளில் ஆகும், மேலோட்டமான மணற்படுகை விரைவில் நிரம்பும். களிமண் அடுக்குகள் நிறைந்த படுகையில், நீரை எடுத்ததும் களிமண் அமுங்கிவிடுகிறது. அந்த இடைவெளி திரும்ப விரியாது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 1925க்கும் 1977க்கும் இடையே ஓரிடத்தில் நிலம் சுமார் 9 மீட்டர் தாழ்ந்தது. அங்கே எவ்வளவு மழை பெய்தாலும் இழந்த கொள்ளளவு வராது. சவூதி அரேபியாவின் ஆழ்படுகைகளில் இருப்பதோ பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நீர். அதை எடுப்பது சுரங்கம் தோண்டுவதுதான்.

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்று "எடுத்த நீரைத் திரும்பச் செலுத்துகிறோம்" என்று சொல்கிறது. நம்பலாமா?

பதில்: எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு செலுத்தினார்கள், இரண்டும் ஒரே படுகையா என்று கேளுங்கள். பசுமைக்குடில் வைத்திருப்பவர்களால் உருப்படியாகச் செய்ய முடியும். ஒரு எக்டேர் கூரையில் 700 மில்லிமீட்டர் மழை பெய்து 85 சதவீதம் சேர்ந்தால் 5,950 கன மீட்டர். உள்ளே சதுர மீட்டருக்கு நாளுக்கு 4 லிட்டர் என்று மலர்ச்செடி குடித்தால் ஆண்டுக்கு 14,600 கன மீட்டர். ஐந்தில் இரண்டு பங்கு கூரையே தந்துவிடும். அதைத் தொட்டியில் பிடித்து நேரே பயன்படுத்துவது, மண்ணுக்குள் செலுத்துவதைவிடச் சிறந்தது.

ஆழ்துளைக் கிணறு வழியே செலுத்துவதில் இரண்டு ஆபத்துகள். கலங்கல் நீர் விரிசல்களை அடைத்துவிடும்; பிறகு கழுவி எடுப்பது கடினம். கற்கள், ஜல்லி, மேலே கரடுமுரடான மணல் என்று வடிகட்டிக் குழி அமைத்து, ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் மேல் மணலைச் சுரண்டி மாற்ற வேண்டும். இரண்டாவது இன்னும் மோசம். வயலில் வழிந்த நீரை நேரே செலுத்தினால் பூச்சிமருந்தும் நைட்ரேட்டும் குடிநீரில் கலந்துவிடும். கூரை நீரைத் தவிர வேறெதையும் நேரடியாகக் கிணற்றுக்குள் விடாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கும் சான்றிதழ்கள் நிலத்தடி நீரைக் காக்குமா?

பதில்: ஓரளவுக்கு. நல்ல வேளாண் முறைகளுக்குச் சான்று தரும் குளோபல் காப் அமைப்பின் 'ஸ்பிரிங்' என்ற துணைத் தணிக்கை பாசனத்துக்காகவும் நிலத்தடி நீருக்காகவுமே வந்தது. நீர் எடுக்கச் சட்டப்படி உரிமை இருக்கிறதா என்பதையும் பார்க்கிறது. ஆனால் தணிக்கை தோட்ட வேலிக்குள் நடக்கிறது, படுகையோ வேலிக்கு வெளியே கிடக்கிறது. ஒவ்வொரு தோட்டமும் கிலோவுக்குக் குறைந்த நீரில் விளைவித்து, எல்லாரும் சேர்ந்து படுகையை வற்றடிக்க முடியும்.

கேள்வி: எந்த நாடாவது இதைச் சரிசெய்திருக்கிறதா?

பதில்: முழுமையாகச் சரிசெய்தது என்று காட்ட எதுவும் இல்லை. கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

சவூதி அரேபியா அரசு ஆதரவு விலை கொடுத்துப் பாலைவனத்தில் கோதுமை விளைவித்து, ஒரு கட்டத்தில் உலகின் பெரிய ஏற்றுமதியாளர்களில் ஒன்றானது. படுகை வற்றுவதைக் கண்டு, 2008இல் கொள்முதலை ஆண்டுக்கு 12.5 சதவீதம் குறைக்க முடிவெடுத்து 2016இல் நிறுத்தியது. உழவர்கள் பலர் அதற்குப் பதில் குதிரை மசாலுக்கு மாறினார்கள். ஆண்டு முழுவதும் அறுப்பதால் அது கோதுமையைவிட அதிகம் குடிக்கும். பிறகு அதற்கும் தடை வந்தது. தீவனத்தை வெளியே தேடிய சவூதிப் பால் நிறுவனம் ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கிக் குத்தகையும் எடுத்தது. அங்கே 1980ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் குறிப்பிட்ட வட்டாரங்களை மட்டும் கட்டுப்படுத்துகிறது. அந்த நிலம் அப்போது அதற்கு வெளியே இருந்தது. 2023இல்தான் மாநில அரசு குத்தகையை ரத்து செய்யத் தொடங்கியது. ஓரிடத்தில் மூடிய கிணறு, கட்டுப்பாடு இல்லாத இன்னோர் இடத்தில் திறந்துகொண்டது.

பஞ்சாபும் ஹரியானாவும் 2009இல் சட்டம் போட்டு, கடுங்கோடையில் நெல் நடுவதைத் தடுத்தன. பஞ்சாபில் ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்பது அப்போதைய விதி. ஆவியாகும் நீர் குறைந்தது உண்மை. ஆனால் அறுவடை தள்ளிப்போனதால் கோதுமை விதைப்புக்கு முன் கிடைக்கும் நாட்கள் சுருங்கி, வைக்கோல் தாள் எரிப்பது காற்று தேங்கும் குளிர்நாட்களுக்கு நகர்ந்தது. நெல்லுக்கு உறுதியான கொள்முதலும், பம்புக்கு இலவச மின்சாரமும் அப்படியே இருந்தன. நாட்காட்டியை மட்டும் மாற்றியதால் எங்கள் பார்வையில் அது பாதி வைத்தியமே.

ஸ்பெயினில் டோனானா ஈரநிலத்தைச் சுற்றி ஸ்ட்ராபெரிக்காக அனுமதியற்ற கிணறுகள் பெருகின. அந்தப் படுகையைக் காக்கத் தவறியதாக 2021 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கலிபோர்னியா 2014இல் இயற்றிய சட்டம், மிக மோசமான படுகைகள் 2040க்குள் சமநிலைக்கு வர வேண்டும் என்கிறது.

நாங்கள் அதிகம் மதிப்பது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் ஷெரிடன் வட்டார முயற்சியை. ஓகல்லாலா படுகையின் மேல் உள்ள அந்த உழவர்கள் 2013இல் தாங்களே முன்வந்து, ஐந்து ஆண்டுக்கு மொத்தம் 55 அங்குலம் என்று ஏக்கருக்கு வரம்பு வகுத்துக்கொண்டார்கள். இறைப்பை 20 சதவீதம் குறைப்பது இலக்கு; அதைத் தாண்டியே குறைத்தார்கள். ஐந்து ஆண்டுக் கணக்கு என்பதுதான் இதன் நுட்பம். வறட்சி ஆண்டில் கூடுதலாக எடுத்து மழை ஆண்டில் ஈடு செய்யலாம் என்பதால் விதியை மீறத் தேவையில்லாமல் போனது. எல்லாக் கிணற்றிலும் மீட்டர் இருந்ததால்தான் இதைச் செய்ய முடிந்தது.

கேள்வி: ஏற்றுமதி ஒப்பந்தத்தில் பழத்தோட்டம் போடப் போகிறேன். முன்கூட்டி என்ன செய்ய வேண்டும்?

பதில்: சராசரி ஆண்டின் நீரை வைத்துப் பரப்பை முடிவு செய்யாதீர்கள். மிக மோசமான கோடையில் உங்கள் கிணறு தரும் நீருக்கு எத்தனை ஏக்கர் மரம் தாங்குமோ அத்தனை மட்டும் நடுங்கள், மீதியில் பருவப்பயிர். அதை வறட்சியில் விட்டுவிடலாம்.

ஒப்பந்தத்தில் வறட்சி ஆண்டுக்கு அபராதம் இல்லாத அளவுக் குறைப்பும், சிறிய பருமனுக்கும் ஒரு விலையும் எழுத்தில் வாங்குங்கள். நீரைக் குறைத்துப் பாய்ச்சினால் பல பழங்களில் எடையைவிடப் பருமன்தான் முதலில் குறையும். பருமனுக்கு இடம் தராத ஒப்பந்தம் உங்களை மோட்டாரை ஓட்டச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

எந்தக் கட்டத்தில் நீரைக் குறைக்கலாம் என்பதைப் பயிர்வாரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பீச் பழத்துக்குக் கொட்டை இறுகும் கட்டம், பாதாமுக்கு மேல்தோல் வெடிக்கும் கட்டம், மது தயாரிக்கும் திராட்சைக்குக் காய் பிடித்த பிறகு. இந்த நாட்களில் அளவாகக் குறைத்தால் இழப்பு சிறிது. அதே குறைப்பைப் பூக்கும்போதோ காய் பிடிக்கும்போதோ செய்தால் அந்த ஆண்டு விளைச்சல் போகும். முதல் ஆண்டில் இரண்டு வரிசை மரங்களில் மட்டும் செய்து, பருமனை அளந்து பார்த்த பிறகு தோட்டம் முழுவதற்கும் போங்கள்.